கால அட்டவணையில் இல்லாத மணி

சம்பந்தத்துக்கு ரத்தினபாய் டீச்சர் மேல் ஒரு மனக்குறை உண்டு. இன்று நேற்று வந்ததல்ல. எண்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிற குறை.

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது அவர் வேலை. அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. காலையில் பிரேயருக்கு அடிக்க வேண்டும், அடிப்பார். சாப்பாட்டுக்கு விட, சாயங்காலம் வீட்டுக்கு விட, எல்லாவற்றுக்கும் அடிப்பார். அவையெல்லாம் ஹெட்மாஸ்டர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற கால அட்டவணையில் எழுதியிருப்பவை. ஆனால் ஒன்பதே முக்காலுக்கு ஒரு மணி இருக்கிறதே, அது எந்த அட்டவணையிலும் இல்லை. சர்க்கார் போட்டதும் இல்லை, சபை போட்டதும் இல்லை. ரத்தினபாய் டீச்சர் போட்டது. அதையும் அவர், அடிக்க முடியுமா, சௌகரியப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் போடவில்லை. கைப்பையிலிருந்து பொரிகடலையை எடுத்து வாயில் போட்டபடி, "சம்பந்தம், நாளையிலேர்ந்து ஒம்பதே முக்காலுக்கு ஒண்ணு அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொரிகடலையும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் ரிட்டயராகிப் போன பிறகும் சம்பந்தம் அதை அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

தாம்பரத்துக்கு மேற்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போனால் கிறிஸ்தவ சபை நடத்தும் ஆரம்பப் பள்ளி. ஐந்து அறை, ஒரு நீள வராந்தா, முன்னால் ஒரு புங்க மரம். மரத்தில் சங்கிலி போட்டுத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதுதான் மணி. சம்பந்தம் அங்கே வாட்ச்மேன், பியூன், தண்ணீர்த் தொட்டி நிரப்புகிறவர், பாம்பு வந்தால் அடிக்கிறவர், எல்லாம் ஒருவரே. நாலாவது வரைக்கும் படித்தவர். அவர் மனைவி கன்னியம்மா அதே பள்ளியில் சத்துணவு ஆயா.

ஒன்றாம் வகுப்பு ரத்தினபாய் டீச்சருக்கு. நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் ஜெபராஜ் தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். டீச்சர் குள்ளம், கரும்பலகையின் மேல் பாதியில் எழுத ஒரு முக்காலி போட்டு ஏறுவார். சாக்பீஸைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பிறகு அதையே வகுப்பு முழுக்கத் தேடுவார். பிள்ளைகள் எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் வகுப்பு அருள்மேரி டீச்சர், பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருகிறவர். மூன்றாம் வகுப்பு வேதசிரோமணி சார். அவரே ஹெட்மாஸ்டரும். நல்ல மனுஷன், ஆனால் தபால்காரர் வந்தால்கூட மேலதிகாரி காகிதமோ என்று எழுந்து நிற்கிற ஆள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த மூன்று பேருக்கும் சண்டை வரும். வராந்தாவில் நின்றுதான் போடுவார்கள். சம்பந்தம் மரத்தடியிலிருந்து கேட்பார்.

"என்னக்கா, நீங்க அனுப்பின பிள்ளைங்கள்ல பாதிக்கு எழுத்துக் கூட்டவே வரல. நான் ரெண்டாங்கிளாஸ் புக்கை எப்படி ஆரம்பிக்கிறது?" என்பார் அருள்மேரி.

"ஏம்மா, நீங்க எனக்கு அனுப்பினதுங்கள ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்பார் வேதசிரோமணி.

"எனக்கு அனுப்பினவங்ககிட்ட நான் எங்க போய்ச் சண்டை போட? அவங்க அம்மாமார்கிட்டயா?" என்பார் ரத்தினபாய்.

அதோடு சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஜூனில் அதே சண்டை, அதே வராந்தா.

எண்பத்திரண்டில் முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் ரத்தினபாய் மற்ற இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார். தள்ளியது யார்? சம்பந்தம்தான். பிறகு டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் பாண்டி ஆடுவதற்குப் போடுவது போலக் கட்டம் போட்டார். ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம். அறையின் இந்தக் கோடியில் ஜூன், அந்தக் கோடி ஜன்னலுக்குக் கீழே ஏப்ரல்.

"சார், நீங்க போய் ஏப்ரல்ல நில்லுங்க" என்றார்.

வேதசிரோமணி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் ஏப்ரலில் நின்றார். அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இப்பச் சொல்லுங்க. மூணாங்கிளாஸ் முடிச்ச பிள்ளைக்கு என்ன வாசிக்கத் தெரியணும்?"

சார் கொஞ்சம் யோசித்தார். "பஸ் போர்டு வாசிக்கணும். பம்மல் போற வண்டியா, படப்பை போற வண்டியான்னு தெரியாம ஏறக் கூடாது. ரெண்டும் 'ப'னாதான். முதல் எழுத்தைப் பாத்துட்டு ஏறினா தொலைஞ்சான்."

"அப்ப அதுக்கு நான் ஜூன்ல என்ன செய்யணும், அருள்மேரி டிசம்பர்ல என்ன செய்யணும்? அங்கேர்ந்து பின்னால நடந்து வாங்க."

அப்படித்தான் அவர்கள் வருஷத்தைப் போட்டார்கள். நின்று, நடந்து, ஒருவர் கட்டத்துக்குள் ஒருவர் போய் வழக்காடி. ஜூன் கட்டத்தில் 'அ' இல்லை. ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளாக இருந்தன. சுழியும் வாலும் வைத்த 'அ'னா சின்னக் கைக்குக் கஷ்டம், பிறகு வரட்டும் என்பது ரத்தினபாய் கட்சி.

"'அ'னா இல்லாம பள்ளிக்கூடமாக்கா? வீட்ல அரிசியில எழுதிக் காமிச்சு அனுப்பியிருப்பாங்க. சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். அரிசியில எழுதினது அடுப்புக்குப் போயாச்சு. எனக்குப் பலகையில நிக்கிற எழுத்து வேணும்."

மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அந்த அறையில் சம்பந்தம் துடைப்பத்தை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த மூன்றாம் நாள்தான் ஒன்பதே முக்கால் மணியும் பிறந்தது. கட்டம் என்னதான் சரியாகப் போட்டாலும் பிள்ளைகள் கட்டத்துக்குத் தக்கபடி வளர்வதில்லை என்று அருள்மேரி சொன்னார். அப்போது ரத்தினபாய் சொன்ன யோசனை இது: காலையில் முக்கால் மணி நேரம், மூன்று வகுப்பிலும் வாசிப்பு. மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து, எந்த வகுப்பு என்று பார்க்காமல், எவ்வளவு வாசிக்க வருமோ அதற்கேற்ற அறைக்குப் போய்விட வேண்டும். எழுத்தில் நிற்கிறவர்கள் ரத்தினபாயிடம். சொல் கூட்டுகிறவர்கள் அருள்மேரியிடம். வரி வாசிக்கிறவர்கள் சாரிடம். அடுத்த மணிக்கு அவரவர் வகுப்புக்குத் திரும்பிவிடலாம்.

"ஒருத்தர் பிள்ளைய ஒருத்தர் நம்பி விடணும். மூணு பேர்ல ஒருத்தர் மாட்டேன்னாலும் இது நிக்காது" என்றார் ரத்தினபாய்.

டீச்சருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். ரிட்டயராகிற வரைக்கும் அதுதான் இருந்திருக்க வேண்டும்.

சரி, மணிக்கு வருவோம். சம்பந்தம் அடித்தார். முதல் வருஷம் அவருக்கு அது கை வலி, அவ்வளவே. இரண்டாம் வருஷம்தான் வந்தது வினை. அவர் மகள் சரசு அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தின வருஷம் முழுக்க அம்மை, காய்ச்சல் என்று கன்னியம்மாவின் ஆத்தாள் வீட்டிலேயே கிடந்த பிள்ளை. ஒன்பதே முக்காலுக்கு மணியை அடித்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாம் வகுப்பிலிருந்து சரசு தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவில் வருகிறாள். நேராக ஒன்றாம் வகுப்புக்குள் போகிறாள். அதே நேரம் ஒன்றாம் வகுப்பிலிருந்து பேபி என்று ஒரு சுண்டைக்காய்ப் பெண், சபைக் கோயில் மணியக்காரர் ஏசுபாதத்தின் பேத்தி, ரிப்பனை ஆட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இரண்டும் வராந்தா நடுவில் உரசிக்கொண்டு போகின்றன.

தன் கையாலேயே மணி அடித்துத் தன் மகளைப் பொடிசுகளோடு உட்கார அனுப்புவதென்றால் எந்தத் தகப்பனுக்குப் பொறுக்கும்? சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நேரே ஒன்றாம் வகுப்பு வாசலுக்குப் போனார்.

"இன்னா டீச்சர் இது? மூணாங்கிளாஸ் பொண்ண இஸ்துகினு வந்து பொடிசுங்களோட குந்த வெச்சிகிறீங்க?"

"உள்ள வாங்க சம்பந்தம். சத்தம் போடாம வாங்க."

"எம் பொண்ணு பொஸ்தகம் பூரா ஒப்பிப்பா, தெரியுமா? வூட்ல வந்து கேட்டுப் பாருங்க."

"கேப்போமே. சரசு, இந்தப் பக்கத்தை வாசிம்மா."

சரசு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொன்னாள். சம்பந்தம் நெஞ்சை நிமிர்த்தினார். டீச்சர் நடுவில் மெதுவாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். சரசு நிற்கவில்லை. வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழைய பாடத்தை அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனாள். முடித்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள்.

டீச்சர் அவளைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "காது நல்ல காது. கண்ணுக்குத்தான் இன்னும் வேலை குடுக்கல. குடுத்துருவோம்" என்றார். பிறகு, "நீங்க போய்த் தண்ணி ரொப்புங்க, மோட்டார் ஓடிட்டே இருக்கு" என்றார்.

சம்பந்தம் போனார். வேறென்ன செய்வார், மோட்டார் ஓடிக்கொண்டுதானே இருந்தது. ஆனால் அன்று வீட்டில் கன்னியம்மாவிடம் எகிறினார்.

"பெரிய டீச்சரு! நம்ம பொண்ணுதான் கெடச்சுதா அவங்களுக்கு?"

"நீதான மணி அடிக்கிற? அடிக்காம வுட்டுப் பாரேன்" என்றாள் கன்னியம்மா, குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். அந்தப் பொடிசுங்கல்லாம் இவள அக்கா அக்கான்னு மொய்ச்சிகினு கீது. இவளும் குஷியாத்தான் கீறா. உனுக்குத்தான் பேஜாரு."

அவர் அடிக்காமல் விடவில்லை. ஆனால் அந்த மணியை மட்டும் மற்ற மணிகளைவிட ஓங்கி அடித்தார். கோபத்தைக் காட்ட வேறு இடம் இல்லை.

அந்த வருஷம் இரண்டாவது முறையாகப் போட்ட கட்டத்தில் ஒரு மாற்றம் இருந்தது. முதல் வருஷம் பரீட்சை ஏதும் குறுக்கே வராத மாதம் என்று நவம்பர் கட்டத்தில்தான் அதிகப் பாடத்தை அடைத்து வைத்திருந்தார்கள். மூன்று படித்தவர்கள், மூன்று நாள் யோசித்து! தாம்பரத்தில் நவம்பர் என்றால் என்ன? கேட்டுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், பள்ளிக்கூடத்துக்குள் பெஞ்சு மேல் சமையல் செய்துகொண்டு பத்துக் குடும்பம். டிசம்பரில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது தலை துடைத்த பலகையாய் இருந்தது. அதனால் மறு கோடையில் ரத்தினபாய் நவம்பர் கட்டத்தைப் போட்டு, அதற்குள் ஒன்றும் எழுதாமல் விட்டார்.

"டீச்சர், நவம்பர் காலியா இருக்கு" என்றார் வேதசிரோமணி.

"அது மழைக்கு."

"மழையில்லாம போச்சுன்னா?"

"படிச்சதைத் திரும்பப் படிப்பாங்க. கெட்டா போயிரும்?"

அதற்கு மழைக்கட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. எந்தப் பாடம் பின்தங்கினாலும், "மழைக்கட்டத்துல தள்ளுங்க" என்பார்கள் மூன்று பேரும். சரசுவுக்கு எழுத்து கூடியதும் அந்த மழைக்கட்டத்தில்தான் என்று டீச்சர் பின்னால் சொன்னார். சம்பந்தத்துக்கு அப்போது அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

படப்பையில் கன்னியம்மாவின் தங்கை வீட்டில் காதுகுத்து. தலையில் அரிசி மூட்டை, கையில் சீர்த்தட்டு, பஸ் ஸ்டாண்டில் தள்ளுமுள்ளு. பஸ் ஒன்று வந்து நின்றது. சம்பந்தம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியில் கால் வைத்தார். பின்னாலிருந்து சட்டையை யாரோ இழுத்தார்கள்.

"யப்பா, ஏறாத. ப... ம்... மல். பம்மல்பா இது. படப்பை இல்ல."

மூட்டை மறைத்ததில் அவர் போர்டைப் பார்க்கவே இல்லை. கீழே இறங்கினார். "தெரியும் தெரியும். சும்மா எடம் பாத்தேன்" என்றார். கன்னியம்மா தட்டைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். சரசு அடுத்து வந்த பஸ்ஸையும், அதற்கடுத்த பஸ்ஸையும், டீக்கடைப் பலகையையும், சுவரில் ஒட்டியிருந்த மூலம் பவுத்திரம் நோட்டீஸையும் உரக்க வாசித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் சொன்னதை மட்டும் வாசிக்க வேண்டாம் என்று அவளைத் தடுக்க வேண்டியிருந்தது.

சில வாரம் போய் ஒரு நாள் ஒன்பதே முக்காலுக்கு அடித்துவிட்டு வராந்தாவைப் பார்த்தார். பேபி வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள், சரசுவைக் காணோம். உடம்புக்கு ஏதோ என்று பதறிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில், தன் இடத்திலேயே, பேபி பக்கத்தில் உட்கார்ந்து வரி வாசித்துக்கொண்டிருந்தாள். இதை ஒரு வார்த்தை முன்னாலேயே தகப்பனிடம் சொல்லியிருக்கலாமா கூடாதா? யாரும் சொல்லவில்லை. அதுவும் சேர்ந்துகொண்டது அவர் குறையில்.

எண்பத்தேழில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வைக்கு வந்தார். வந்த நேரம் சரியாகப் பத்து மணி. மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால் முழங்கால் உயரத்தில் நாலு, தோள் உயரத்தில் பத்து. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

"இந்தப் பொண்ணு எந்த வகுப்பு?"

"ஒண்ணாம் வகுப்பு சார்" என்றார் வேதசிரோமணி.

"இங்க ஏன் இருக்கு?"

"வாசிக்குது சார்."

"மூணாம் வகுப்புப் பையன் எங்க?"

"அவன் அங்க வாசிக்கிறான் சார்."

அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பதிவேடும் தலையும் ஒத்துப்போக வேண்டும். கால அட்டவணைப்படி வகுப்புகள் நடக்க வேண்டும் என்று குறிப்பெழுதி, மோர் குடித்துவிட்டுப் போனார். வேதசிரோமணி அந்தக் குறிப்பை மூன்று தடவை வாசித்தார். சாயங்காலம் வராந்தாவில், "விட்டுடலாம் டீச்சர். எனக்கு ரிட்டயர்மென்ட் மூணு வருஷம்தான். பென்ஷன்ல கை வெச்சிட்டாங்கன்னா?" என்றார்.

ரத்தினபாய் வழக்காடவில்லை. பொரிகடலையைக்கூட எடுக்கவில்லை. "உங்க இஷ்டம் சார். நீங்க இல்லாம ரெண்டு பேர் செய்யற காரியம் இல்ல இது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். கேட் வரைக்கும் போய்த் திரும்பி, "சம்பந்தம், நாளையிலேர்ந்து அந்த மணி வேண்டாமாம். உங்களுக்கும் கை வலி மிச்சம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

ஐந்து வருஷக் குறை தீர்ந்தது. சம்பந்தம் சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இரவெல்லாம் புரண்டார். மறுநாள் ஒன்பதே முக்கால் நெருங்கியது. மூன்று வகுப்பிலும் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களைப் பார்த்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? எடுத்தார் சுத்தியலை. அடித்தார். கேட்டில் நின்ற லாரிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தார். பிள்ளைகள் திமுதிமுவென்று எழுந்து அறை மாறிவிட்டன.

வேதசிரோமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யோவ் சம்பந்தம்! யாருய்யா உன்னை அடிக்கச் சொன்னது?"

"டைம் ஆச்சு, அட்ச்சேன் சார்."

"நிறுத்தச் சொல்லியாச்சே!"

"வாயால சொன்னா எப்டி சார்? அஞ்சு வருசமா அடிக்கிறேன். நிறுத்தணும்னா ஒரு காயிதத்துல எழுதி, சைன் வெச்சு, சீல் வெச்சுக் குடுங்க. நிறுத்திக்கிறேன்."

சார் அறைக்குள் போய்ப் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். என்ன என்று எழுதுவது? கால அட்டவணையில் இல்லாத ஒரு மணியை நிறுத்தச் சொல்லி எழுதினால், இத்தனை வருஷம் அப்படி ஒரு மணி அடித்தது என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆகும். பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, "அருள்மேரியம்மாவ வரச் சொல்லு, டீச்சரையும்" என்றார். மூன்று பேருமாக உட்கார்ந்து கால அட்டவணையைத் திருத்தினார்கள். மூன்று வகுப்புக்கும் அதே நேரத்தில் தமிழ் வாசிப்பு என்று போட்டார்கள். பிள்ளை எந்தச் சுவருக்குள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுத இடம் கிடையாது. மணியைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை. அது இல்லாததாகவே இருந்துவிட்டது. அடுத்த முறை அந்த அதிகாரி வந்தபோது அட்டவணையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், முன்பு விசாரித்த அந்தச் சின்னப் பெண்ணை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ரத்தினபாய் அதற்காகச் சம்பந்தத்துக்கு நன்றி சொன்னாரா? இல்லை. "நேத்து ரெண்டு நிமிஷம் முன்னாலயே அடிச்சிட்டீங்க" என்றார்.

தொண்ணூறில் வேதசிரோமணி பென்ஷன் வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று நொண்டியடித்துக்கொண்டே வராந்தாவைக் கடந்து காட்டினார். அருள்மேரி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டார். ஞானஜோதி என்று ஒரு சின்னப் பெண் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். வந்த வருஷம் நவம்பர் கட்டத்தில் ஏதோ எழுதப் போனவளை மற்ற இரண்டு பேரும், "அங்க கை வைக்காத!" என்று ஒரே குரலில் தடுத்தார்கள். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டாள் பயந்து.

தொண்ணூற்றைந்தில் ரத்தினபாயின் முறை. அந்தக் கோடையில் கட்டம் போட்டபோது அவர் கட்டத்துக்குள் இறங்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து மரத்தடியில் சம்பந்தத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"சம்பந்தம், ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் அந்த மணிய அடிக்காதீங்க."

"இன்னா டீச்சர்! காயிதம் இல்லாம நான் நிறுத்த மாட்டேன், தெரியும்ல?"

"விளையாடல. நான் போனதுக்கப்புறம் இது நடக்குமா, இல்ல நான் இருக்கேன்னு நடக்குதா? எனக்குத் தெரியணும். மணி அடிச்சா ஆட்டுக்குட்டிகூட எழும்பும். அடிக்காம எழும்புறாங்களான்னு பாருங்க. அருள்மேரிகிட்டச் சொல்லிராதீங்க."

"யாரும் ஏந்திரிக்கலன்னா?"

டீச்சர் தண்டவாளத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பவும் அடிக்காதீங்க. அது எம் மணிதான்னு ஆயிருச்சுன்னா, என்னோடயே போகட்டும்."

ஜூன் வந்தது. முதல் நாள் ஒன்பதே முக்காலுக்குச் சம்பந்தம் சுத்தியலை ஷெட்டில் பூட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏர்போர்ஸ் பிளேன் ஒன்று கூரையை உரசுவது போலப் பறந்தது. அது போனதும் ஞானஜோதி கதவைத் திறந்து வரிசையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "சாரிங்க, பிளேன் சத்தத்துல மணி கேக்கல" என்றாள். சம்பந்தம் பிளேன் போன பக்கத்தைப் பார்த்தார்.

மறுநாள் பிளேன் இல்லை. ஒன்பதே முக்கால் தாண்டியது. ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போயிற்று. ஒரு கதவும் திறக்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தன. அவர் வானத்தைப் பார்த்தார். பனியன் நனைந்துவிட்டது. எண்பத்தேழில் அடித்தது போல் அடித்துவிடலாமா என்று ஷெட் சாவியைத் தொட்டார். டீச்சர் சொன்ன வார்த்தை தடுத்தது.

அப்போது மூன்றாம் வகுப்புக் கதவு திறந்தது. அருள்மேரி வாட்சைக் காட்டிக்கொண்டு வந்தார். "என்ன சம்பந்தம், அக்கா போன உடனே தூக்கம் வந்துருச்சா? நேரம் தெரியல?" என்று சத்தம் போட்டுவிட்டு, அவருக்காகக் காத்திருக்காமல், வராந்தாவில் கையைத் தட்டினார். "ஏய், எழும்புங்க எழும்புங்க, வாசிப்பு!" மூன்று அறையும் எழுந்தது. பெரியது கீழே வந்தது, சின்னது மேலே போனது. புதிதாக ஒன்றாம் வகுப்புக்கு வந்திருந்த டீச்சர் ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றாள். பேபியின் தம்பி ஒருவன், "டீச்சர், நீங்க இங்கயே இருங்க, வருவாங்க" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

மூன்றாம் நாள் அருள்மேரியும் வரவில்லை. பிள்ளைகளாகவே எழுந்தார்கள்.

அன்று சாயங்காலம் சம்பந்தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். வீடு முழுக்க மூட்டை. அந்த வாரமே திருவள்ளுவர் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போகிறார்கள். ரயில்வேக்காரர் பஸ்ஸில் போகிறாரே என்று கேட்டதற்கு ஜெபராஜ், "டிக்கெட் குடுத்தவனுக்கே ரயில்ல டிக்கெட் இல்லய்யா" என்றார். அதுதான் சம்பந்தம் அவர்களைப் பார்த்த கடைசி முறை. மறு வருஷ மழைக்காலத்தில் டீச்சர் தவறிப்போன செய்தி சபை மூலமாக வந்தது.

அன்றைக்கு டீச்சர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டார். முதல் நாள் பிளேன் வந்ததைச் சொன்னதும், "அது கணக்கில்ல" என்றார். அருள்மேரி திட்டியதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். புது டீச்சர் அழுதாளா என்று கேட்டார். சின்னதுகள் கையைப் பிடித்துக்கொண்டு போயினவா என்று கேட்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தார்.

"கையை நீட்டுங்க" என்றார். சம்பந்தம் நீட்டினார். ஒரு பிடி பொரிகடலை.

"இன்னா டீச்சர், அதிசயமா கீது!"

"சாப்பிடுங்க." அவரும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். "எழும்புவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும். ஆனா சத்தமில்லாம எழும்பிப் போறது பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷம்? நாளைக்கு ஒம்பதே முக்காலுக்கு அந்த மணிய அடிச்சிருங்க, சம்பந்தம்."